தலை கழலாத தடி

அந்தக் காலத்தில், மரமும் மிருகமும் வாய் திறந்து பேசிக்கொண்டிருந்தபோது, ங்குனி மக்களின் மலைநாட்டில் முதல் துரோகம் செய்தது கழுதைப்புலிதான். வேறு யார் மேலும் பழி போட வேண்டாம்.

அங்கே டுமிசா என்றொருவன் மாடு மேய்த்து வந்தான். நேரான கம்பின் நுனியில் உருண்டைக் கல்லைத் தோல்வாரால் கட்டியதுதான் அப்போதைய தடி. நொம்வூலாவை மணக்க அவள் அப்பாவுக்கு மாடுகள் தர வேண்டும். மற்றதெல்லாம் கொடுத்தாயிற்று. கடைசிக் கிடாரியை ஓட்டிக்கொண்டு பெண் வீட்டுக்குப் போனான்.

ஆயுதத்தோடு அடுத்தவர் வீட்டுக்குள் நுழைவது அங்கே மரியாதை இல்லை. தடியை வாசலில் சாய்த்தான். கழுதைப்புலி இளித்துக்கொண்டு வந்தது.

“உள்ளே போ மாப்பிள்ளே. தடியையும் கிடாரியையும் நான் பார்த்துக்கொள்கிறேன்.”

“தோலைக் கண்டால் உனக்கு நாக்கு ஊறுமே!”

“கல்யாணம் பேசும் வீட்டில் யாராவது கைவைப்பார்களா?”

நம்பிப் போனான். கழுதைப்புலி தடியின் தோல்வாரை மென்று தின்றுவிட்டுக் கிடாரிமேல் பாய்ந்தது. கிடாரியின் கதறல் கேட்டு ஓடிவந்து தடியை ஓங்கினான். கல் புதருக்குள் பறந்தது, கையில் வெறுங்கம்பு. கிடாரி போயே போய்விட்டது.

“மாடு வந்து சேரவில்லை. பெண்ணும் வரமாட்டாள்” என்றார் நொம்வூலாவின் அப்பா.

டுமிசா ஒரு முள்மரத்தடியில் போய் உட்கார்ந்தான். மரம் பேசியது.

“கட்டின தலை கழலாமல் என்ன செய்யும்? என் கிளையில் ஒரு முண்டு இருக்கிறது. கிளையோடு கூடவே வளர்ந்தது. கிளையோடு வெட்டிக்கொள்.”

வெட்டிச் செதுக்கினான். என்ன வேலை அது! முண்டை முட்டைபோல வழவழப்பாக்கினான். பிடியைக் கைக்குள் அடங்குமளவு இழைத்தான். மாட்டுக்கொழுப்பைத் தேய்த்ததும் வைரம் பாய்ந்த கட்டை செக்கச்செவேலென்று மின்னியது. தலை எங்கே முடிகிறது, பிடி எங்கே தொடங்குகிறது என்று தடவிப் பார்த்தாலும் தெரியாது.

கழுதைப்புலியைத் தேடிக் கண்டுபிடித்துத் தடியை வீசினான். இடுப்பில் விழுந்தது அடி. பின்பக்கம் அப்படியே தாழ்ந்துவிட்டது.

“என் கிடாரி எங்கே?”

“வயிற்றில், மாப்பிள்ளே. நாளைக்குத் தருகிறேன்” என்று சிரித்தபடி நொண்டிக்கொண்டே போனது.

வாசலுக்குத் திரும்பி வந்தவனிடமிருந்து நொம்வூலாவின் அப்பா அந்தத் தடியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கீழே வைக்க மனம் வரவில்லை.

“நீங்கள் பார்த்துக்கொண்டே இருங்கள் அப்பா. நான் இங்கேயே கிழவியாகிறேன்” என்றாள் நொம்வூலா.

“போம்மா, இவனோடு போ. இவன் கிடாரியைக் கொண்டுவந்தான், நானே பார்த்தேன். தர வேண்டியது இனி அந்தத் திருட்டுப் பயல்தான்.”

அன்று முதல்தான் ங்குனி மக்கள் தலையும் பிடியும் ஒரே மரமாகத் தடி செதுக்குகிறார்கள். கழுதைப்புலியும் பின்பக்கம் தாழ்ந்தே நடக்கிறது. கிடாரியைக் கேட்டால் இன்றைக்கும் சிரிக்கிறதே தவிர, திருப்பித் தந்தபாடில்லை.