நாற்றத்துக்கு ஒரு வாய்

ஒரு காலத்தில் நாற்றம், மணம், வாசம் மூன்றும் ஒரே வீட்டுச் சொற்கள். தாழை மலர்ந்தால் முதலில் நாற்றத்தைத்தான் கூப்பிடுவார்கள். பிறகு ஜனங்களின் வாய் மாறிற்று. நாற்றத்தைச் சாக்கடைக்கும் அழுகலுக்கும் அனுப்பிவிட்டார்கள்.

"நானும் பூவோடு பிறந்ததுதானே?" என்றது நாற்றம்.

"அதை இப்போது யார் நம்புவார்கள்? ஒரு வாயாவது உன்னை ஆசையாகக் கூப்பிடட்டும். அன்றைக்கு வா" என்றது மணம்.

அந்த வாயைத் தேடி அலைந்து, கடைசியில் மீன் விற்கும் பாஞ்சாலையின் கூடையில் ஒண்டிக்கொண்டது நாற்றம். அவள் விரட்டவில்லை. ஆனால் அவள் தெருவில் நுழைந்தாலே பக்கத்து வீட்டுக் கஸ்தூரி மூக்கைப் பொத்துவாள்.

"நாத்தம் வந்துடுச்சு. பின்னாலயே பாஞ்சாலையும் வருவா பாரு."

"பேரு மட்டும் கஸ்தூரி. கொழம்புக்கு வஞ்சிரம் கேட்டு வருவ இல்ல, அப்ப பாத்துக்கறேன்" என்பாள் பாஞ்சாலை. வாய்தான் அப்படி. உள்ளே சுருங்கிப் போவாள்.

ஒரு நாள் சந்தன சோப்பு வாங்கித் தோல் சிவக்கத் தேய்த்துக் குளித்தாள். புதுச்சேலை கட்டி, தலை நிறைய மல்லிகை வைத்தாள். மணமும் வாசமும் அவள் தோளில் ஏறிக்கொண்டன. நாற்றம் கூடையோடு வாசலில் கிடந்தது.

"உன்னைக் கழுவியே விட்டுவிட்டாள்" என்றது மணம்.

"அவளாவது நன்றாக இருக்கட்டும்" என்றது நாற்றம்.

தூங்கி எழுந்த தன் குழந்தையைப் பாஞ்சாலை தூக்கினாள். அது அவள் கழுத்தில் முகம் புதைத்தது. விலகி அவளைப் பார்த்தது. மறுபடி புதைத்துப் பார்த்துவிட்டு வீறிட்டு அழுதது. தட்டிக் கொடுத்தும் அடங்கவில்லை.

சத்தம் கேட்டுக் கஸ்தூரி வந்தாள். "சோப்பு வாசனை தெருவையே தூக்குது. புள்ள ஏன்டி கத்துது?"

குழந்தை திமிறி இறங்கி வாசலுக்கு ஓடியது. கூடையில் கிடந்த சும்மாட்டுத் துணியை எடுத்து முகத்தில் அப்பிக்கொண்டது. அழுகை நின்றது. கஸ்தூரி தினமும் சொல்லக் கேட்டுக் குழந்தைக்கும் ஒரு சொல் தெரிந்திருந்தது. நல்லதா கெட்டதா என்று யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை.

"நாத்தம்" என்று சிரித்தது. "அம்மா நாத்தம்."

மூக்குக்குப் போன கையைக் கஸ்தூரி மெல்ல இறக்கிக்கொண்டாள்.

பாஞ்சாலை அந்தத் துணியைத் தோளில் போட்டு, குழந்தையை அதன்மேல் சாய்த்துக்கொண்டாள்.

தோளில் இருந்த மணம் சற்று நகர்ந்து உட்கார்ந்தது.

"வா" என்றது.