நண்டுகள் கேட்டு வாங்கிய தேர்தல்

கண்ணுகளா, சட்டை மாற்றும்போது யாராவது வாசல் கதவைத் திறந்து வைப்பீர்களா? மாட்டீர்கள் அல்லவா? நண்டும் அப்படித்தான். பழைய ஓட்டைக் கழற்றிப் போட்டால், புது ஓடு இறுகும்வரை வளையை விட்டு வெளியே வராது. வந்தால் கொக்குக்குச் சாப்பாடு!

ஆப்பிரிக்காவுக்குப் பக்கத்தில், ஒரு தீவுக் காட்டில், விலங்குகள் பேரவை நடத்தி வந்தன. ஐந்து மழைக்காலத்துக்கு ஒருமுறை தேர்தல். தேர்தல் நடத்தும் ஆமையின் முன்னால், தலைவர் பக்கமோ எதிர்ப்பக்கமோ இருக்கும் மரப்பொந்தில் ஆளுக்கொரு கிளிஞ்சலைப் போட வேண்டும்.

போன முறை நண்டுகளும் நம்பி வாக்குப் போட்டதால் கீரிதான் தலைவர். ஆனால் தீவிலும் பேரவையிலும் நண்டுகளே அதிகம். அதனால், ஆற்று முகத்துவாரத்தில் யாரும் வேட்டையாடக் கூடாது என்ற சட்டத்தைக் கீரியால் அசைக்க முடியவில்லை. நண்டுக் குஞ்சுகள் வளர்வது அங்கேதான்.

ஒருநாள் கீரி மீசையில் மஞ்சள் கருவோடு பேரவைக்கு வந்தது. கிளிகள் தங்கள் முட்டைகளைக் காணோம் என்று அழுதன.

நண்டுத் தலைவன் செங்காலன் கொடுக்கைத் தூக்கினான். "திருட்டுப் பயலே! இன்னொரு மழைவரை உன்னைப் பொறுக்க முடியாது. உடனே தேர்தல் வை!"

"உடனேயா? உங்கள் விருப்பம் அண்ணாச்சி. வருகிற அமாவாசைக்கே வைத்துக்கொள்வோமா?" என்றது கீரி.

"சம்மதம்! பயந்துட்டான் பாருங்கடா!" என்று சிரித்தான் செங்காலன்.

அவன் மனைவி பவளம் மெல்லக் கேட்டாள். "ஏங்க, அமாவாசைக்குத்தானே நாம எல்லாரும் ஓடு கழற்றுவோம்?"

"ஒரு நாள் தள்ளிக் கழற்றினால் குடியா முழுகிப்போகும்?"

"உடம்பு சொன்னபடி கேட்குமா?"

செங்காலன் காதில் வாங்கவில்லை.

உடம்பும் கேட்கவில்லை. அமாவாசையன்று விடிந்தபோது நண்டுகள் எல்லாம் வெண்ணெய் போல மெத்தென்று வளைக்குள் கிடந்தன. வெளியே கொக்குகள் வரிசையாக நின்றன.

"ஆமையாரே, நாலு நாள் பொறுங்கள்!" என்று உள்ளிருந்தே கத்தினான் செங்காலன்.

"தேர்தல் கேட்டதும் இந்த நாளுக்குச் சம்மதித்ததும் நீங்கள்தானே? வராதவருக்குக் கிளிஞ்சல் கிடையாது" என்றது ஆமை.

கீரி வளை வளையாக எட்டிப் பார்த்தது. "என்ன அண்ணாச்சி, வாக்குப் போட வரவில்லையா? வெயில் நல்லாத்தான் இருக்கு!"

கிளிகள் போட்ட ஏழு கிளிஞ்சல்தான் எதிர்ப்பக்கம் விழுந்தது. கீரி ஜெயித்தது; பேரவையில் நண்டுகளுக்கு ஓர் இடம்கூட இல்லை. அன்று மாலையே முகத்துவாரச் சட்டம் போயிற்று. கீரிக் கூட்டம் நாக்கைச் சுழற்றிக்கொண்டு ஆற்றில் இறங்கியது.

செங்காலன் வளை வாசலுக்குத் தவழ்ந்து வந்தான். கொடுக்கைத் தூக்கப் பார்த்தான். அது துவண்டு விழுந்தது.

"தலைவரே, எங்கள் ஓடு இறுகும் வரைக்குமாவது பிள்ளைகளை விட்டு வையுங்கள்."

நீதி: எதிரியின் பலவீனத்தை மட்டும் பார்த்து நாளுக்குச் சம்மதிப்பவர், தம் பலவீனத்தைப் பார்க்கத் தவறிவிடுகிறார்.