சடைச்சி சொன்ன மூன்று சொற்கள்

ஒரு காட்டில் மூன்று வருடமாக மழை இல்லை. மலைமேல் இருந்த காடு அது. சுனை வற்றியது, புற்று காய்ந்தது, தேடினாலும் ஒரு தேன்கூடு கிடைக்கவில்லை. அங்கிருந்த விலங்குகள் வேறு வழியில்லாமல் கிளம்பி, கீழே இருந்த ஆற்றங்கரைக் காட்டுக்கு வந்து சேர்ந்தன. சடைச்சி என்ற கரடியும் தன் சின்னக் குட்டியை முதுகில் சுமந்துகொண்டு வந்தது. குட்டியின் பெயர் இலுப்பி.

குழந்தைகளே, மலைக்காட்டுக்கு ஒரு பேச்சு, ஆற்றுக்காட்டுக்கு ஒரு பேச்சு. ஒன்று தெரிந்தவர்களுக்கு மற்றது புரியாது.

வந்த அன்றைக்கே சடைச்சி ஆற்றோரம் போய், "இங்க தண்ணி குடிக்கலாமா?" என்று அரைகுறை ஆற்றுப்பேச்சில் கேட்டது. மரத்தில் இருந்த குரங்குகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தன. அது பேசிய மாதிரியே இழுத்து இழுத்துப் பேசிக் காட்டின. அந்தக் குரங்குகளுக்கு வேறு என்ன வேலை? சடைச்சிக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. தண்ணீர் குடிக்காமலே திரும்பிவிட்டது.

அந்தக் காட்டின் தலைமை யானைக்கு நல்ல மனசு. அது மலையிலிருந்து வந்தவர்களை எல்லாம் ஒரு நாவல் மரத்தடிக்குக் கூப்பிட்டது. மலையிலிருந்து முன்பே வந்து குடியேறிய ஊசியன் என்ற முள்ளம்பன்றிக்கு இரண்டு பேச்சும் தெரியும். யானை பேசியதை அது மலைப்பேச்சில் எடுத்துச் சொன்னது.

"எங்க பேச்சைக் கத்துக்குங்க. இல்லேன்னா இங்க காலம் தள்ளுறது கஷ்டம். ஆனா உங்க பேச்சையும் விட்டுடாதீங்க. சாயங்காலம் ஆனா இந்த மரத்தடி உங்களுக்குத்தான். குட்டிகளைக் கூட்டிட்டு வந்து உங்க பேச்சுலயே பேசுங்க, பாடுங்க. யாரும் வம்புக்கு வராம நான் பார்த்துக்கறேன்."

மறுநாள் சாயங்காலம் ஊசியன் தன் குட்டிகளோடு கிளம்பியது. போகிற வழியில் சடைச்சியின் குகை வாசலில் நின்றது.

"வா தங்கச்சி, நாவல் மரத்தடிக்குப் போகலாம்."

"நான் வரலை அண்ணே," என்றது சடைச்சி. "நான் பட்ட அவமானம் என்னோட போகட்டும். என் மகளைப் பார்த்து எந்தக் குரங்கும் சிரிக்கக் கூடாது. அவளுக்கு ஆற்றுப்பேச்சு மட்டும் போதும்."

"ரெண்டும் இருக்கட்டுமே. பேச்சு என்ன இலுப்பைப் பூவா, ஒண்ணைத் தின்னா இன்னொண்ணுக்கு வயித்துல இடம் இல்லாம போக?"

"வேண்டாம் அண்ணே. விட்டுடுங்க."

ஊசியன் விடாப்பிடிக்காரன். அடுத்த நாளும் வந்து கூப்பிட்டது, அதற்கடுத்த நாளும் வந்து கூப்பிட்டது. சடைச்சி அசையவில்லை. கடைசியில் ஊசியனும் அலுத்துப்போய்விட்டது.

அன்றிலிருந்து சடைச்சி மகளிடம் மலைப்பேச்சில் வாயே திறக்கவில்லை. ஆற்றுப்பேச்சிலோ அதற்குத் தெரிந்தது கொஞ்சம்தான். "வா." "தின்னு." "தூங்கு." "பத்திரம்." இதையேதான் திரும்பத் திரும்பச் சொல்லும். மலையில் தேன் எடுத்த கதை, இலுப்பி பிறந்த அன்றைக்குக் காய்ந்த நிலா, தாலாட்டு எல்லாம் அதன் மனசுக்குள் இருந்தன. ஆற்றுப்பேச்சில் சொல்ல வரவில்லை. மலைப்பேச்சில் சொல்லக் கூடாது என்று தானே முடிவு கட்டிவிட்டது. பாவம், பெற்ற குட்டியோடு பேச அதற்கு வழியே இல்லாமல் போயிற்று.

இலுப்பி வளர்ந்தது. குரங்குகளே அசந்துபோகிற மாதிரி ஆற்றுப்பேச்சு பேசியது. "உங்கம்மா ஏன் எதுவுமே பேசறதில்லை?" என்று மான்கள் கேட்டால், "அம்மாவோட சுபாவமே அப்படித்தான்" என்று சொல்லும். அப்படித்தான் அது நம்பிக்கொண்டும் இருந்தது.

ஒரு மழைக்காலத்தில், தேன் எடுக்கப் பாறையில் ஏறிய சடைச்சி வழுக்கி விழுந்தது. தலையில் பலத்த அடி. காய்ச்சல் கண்டு குகையில் படுத்துவிட்டது. மறுநாள் கண் விழித்தபோது, பாடுபட்டுக் கற்ற ஆற்றுப்பேச்சில் ஒரு சொல்கூட அதன் நினைவில் இல்லை. சின்ன வயதில் பேசிய மலைப்பேச்சு மட்டும்தான் மிச்சம் இருந்தது.

அது மகளைப் பார்த்து மூன்று சொற்கள் சொன்னது.

"என்னம்மா? தண்ணியா?" என்று கேட்டுவிட்டு இலுப்பி ஆற்றுக்கு ஓடியது. தேக்கிலையில் தண்ணீர் கொண்டுவந்தது. சடைச்சி தண்ணீரைத் தொடவில்லை. மறுபடி அதே மூன்று சொற்கள்.

"பசிக்குதாம்மா?" இலுப்பி ஓடிப்போய்ப் புற்றைத் தோண்டிக் கறையான் கொண்டுவந்தது. சடைச்சி அதையும் தின்னவில்லை.

"குளிருதோ?" கொட்டுகிற மழையில் காய்ந்த இலை தேடிக் காடெல்லாம் அலைந்தது. ஒவ்வொரு முறை அது வாசலைத் தாண்டும்போதும் சடைச்சி முன்காலைத் தூக்கி, இன்னும் சத்தமாக அந்தச் சொற்களைச் சொல்லும். அம்மா அவசரப்படுத்துகிறது என்று நினைத்து, "இதோ வந்துட்டேன்மா" என்று இலுப்பி இன்னும் வேகமாக ஓடும்.

மூன்று நாள் இப்படியே போயிற்று. சடைச்சியின் குரல் தேய்ந்துகொண்டே வந்தது.

"எனக்குப் புரியற மாதிரி சொல்லும்மா," என்று இலுப்பி அழுதது. அப்போதுதான் அதற்கு, நாவல் மரத்தடியில் புரியாத பேச்சில் பாடும் ஊசியன் மாமாவின் ஞாபகம் வந்தது. காட்டின் அந்தக் கோடியில் இருந்தது ஊசியனின் வளை. அம்மா சொன்ன மூன்று சொற்களும் மறந்துவிடாமல் இருக்க, வாய்க்குள் சொல்லிக்கொண்டே ஓடியது. பின்னாலிருந்து சடைச்சி ஒரு முறை கூப்பிட்டது. இலுப்பி திரும்பிப் பார்க்கவில்லை.

"மாமா, அம்மா மூணு நாளா இதையேதான் சொல்றாங்க," என்று அந்தச் சொற்களைத் தட்டுத்தடுமாறிச் சொன்னது. "என்ன கேக்கறாங்க? எந்த மலையில இருந்தாலும் கொண்டுவந்துடறேன்."

ஊசியன் காது கொடுத்துக் கேட்டது. அதன் முட்கள் எல்லாம் மெல்லத் தாழ்ந்தன.

"சொல்லுங்க மாமா. ஏதாவது மருந்தா?"

"மருந்து இல்லைம்மா. 'போகாதே, பக்கத்துல இரு.' இதைத்தான் உங்கம்மா சொல்லிட்டு இருக்கா."

இலுப்பிக்கு அப்போதுதான் விளங்கியது. மூன்று நாளும் அது செய்ததெல்லாம் அம்மாவை விட்டு ஓடினதுதான். உடனே மூச்சு வாங்க வாங்கத் திரும்பி ஓடியது. ஊசியனும் பின்னாலேயே ஓடி வந்தது.

சடைச்சி குகை வாசல் வரைக்கும் ஊர்ந்து வந்திருந்தது. இலுப்பி போன திசையைப் பார்த்துத் தலையைச் சாய்த்திருந்தது. உடம்பில் இன்னும் சூடு இருந்தது, மூச்சு இல்லை.

சேதி கேட்டுக் காடே கூடியது. தலைமை யானை வந்து, "எழுந்திரு இலுப்பி, கொஞ்ச நேரம் வெளியே வா" என்று தும்பிக்கையால் தடவிக் கூப்பிட்டது. இலுப்பி எழவில்லை.

"மாமா," என்றது ஊசியனிடம். "'நான் எங்கயும் போகலைம்மா, இங்கதான் இருக்கேன்' அப்படின்னு நம்ம பேச்சுல எப்படிச் சொல்றது?"

ஊசியன் சொல்லிக் கொடுத்தது. இலுப்பி அம்மாவின் காதோரம் வாயை வைத்து அதைச் சொன்னது. நாக்கு வளையவில்லை. இழுத்து இழுத்துத் தப்பும் தவறுமாகத்தான் வந்தது. மறுபடி சொன்னது. இருட்டும் வரைக்கும் சொல்லிக்கொண்டே இருந்தது.

குரங்குகள் மரத்தில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தன. இந்த முறை ஒரு குரங்கும் சிரிக்கவில்லை.

நீதி: பிழைக்கப் போன இடத்தின் பேச்சைப் பிள்ளைகள் கற்கட்டும், அதற்காகத் தாயின் பேச்சைப் பறிகொடுக்க வேண்டாம்.