வெறுந்தாளுக்கு முழு மார்க்

கல்லூரியில் ஆப்டிமைசேஷன் என்ற கணக்குப் பாடம் துறைத்தலைவர் வேங்கடநாதன் பேரில் இருந்தது. தொண்டை வறள நடத்தியது தற்காலிக விரிவுரையாளர் கனகமணி. தேர்வுக்கு முன் அவர் அவளைக் கூப்பிட்டார்.

“எல்லாரும் பாஸாகணும். கேள்வி சுலபமா இருக்கக்கூடாது. மார்க்கை அள்ளிப் போடவும் கூடாது. நிபந்தனைக்குள்ள வழி தேடுறதுதானேம்மா உன் பாடம்?”

“சரிங்க சார்.”

வினாத்தாளில் ஒன்றுக்கொன்று முரணான நிபந்தனைகளைக் கொடுத்து, அத்தனைக்கும் பொருந்தும் விடைகளை மட்டும் எழுதச் சொன்னாள். விடையே இல்லாத கணக்கு அது. பிள்ளைகள் மண்டையை உடைத்துக்கொண்டு வெறுந்தாளைக் கொடுத்தார்கள். எல்லாருக்கும் முழு மார்க்.

ஆசிரியர் கூட்டத்தில் துறைத்தலைவர் கொதித்தார். “வெறுந்தாளுக்கா மார்க்?”

“தப்பா ஒருத்தரும் எழுதலையே சார். நீங்க எனக்குக் கொடுத்த மாதிரிக் கணக்குதான்.”

எல்லாரும் சிரித்தார்கள்.

அடுத்த பருவத்துக் கால அட்டவணையில் அவள் பெயர் இருந்த கட்டம் காலியாக இருந்தது. மற்ற ஆசிரியர்களும் இருந்தபோது துறைத்தலைவரிடம் கேட்கப் போனாள்.

“வெறுமையா விட்டா முழு மார்க்னு நீதானேம்மா சொன்னே,” என்றார்.

அன்றைக்கும் எல்லாரும் சிரித்தார்கள்.