கழுத்தில் கீறல் இல்லை

காலைச் சுற்று முடியும் நேரம். அவசரப் பிரிவு வாசலில் செண்பகவல்லியைக் கணவன் வெளியே அழைத்துப் போய்க்கொண்டிருந்தான். வீட்டுக்கு அனுப்பலாம் என்று எழுதிக் கொடுத்தவன் பயிற்சி மருத்துவன் இளம்பரிதி. பின்னாலேயே வந்துகொண்டிருந்தான்.

எதிரே வந்த டாக்டர் நவமணி நின்றார். பெண்ணின் முகத்தைப் பார்த்தார்.

“இவங்களுக்கு என்ன?”

“முந்தானை பைக் சக்கரத்துல மாட்டி கழுத்தை இழுத்துருச்சு டாக்டரம்மா,” என்றான் கணவன். “தலைவலிங்கிறா. பொம்பளைங்களுக்கு எப்பவும் இருக்கறதுதானே.”

இளம்பரிதி சிரித்தான். “கழுத்துல கீறல்கூட இல்லை மேடம். எலும்புப் படமும் சரியா இருக்கு.”

நவமணி சிரிக்கவில்லை. “நீங்க போய் டீ குடிச்சிட்டு வாங்க,” என்றார் கணவனிடம்.

“குடிச்சிட்டேனே.”

“இன்னொண்ணு குடிங்க.”

அவன் போனான். நவமணி அவளை ஜன்னலோரம் நிறுத்தினார்.

“இளம்பரிதி, ரெண்டு கண்ணையும் பார்.”

இடது இமை சற்றுத் தாழ்ந்திருந்தது. அந்தக் கண்ணின் பாவை மற்றதைவிடச் சிறுத்திருந்தது.

“அழுதிருக்காங்கன்னு நினைச்சேன் மேடம்.”

“ஒரு கண்ணாலயா?”

நவமணி செண்பகவல்லியின் பக்கம் திரும்பினார்.

“எப்படிம்மா ஆச்சு?”

செண்பகவல்லி வாசலைப் பார்த்தாள். யாரும் இல்லை.

“பைக்கே இல்லீங்க. போன மாசமே வித்துட்டார்.”

பிறகு தன் இரண்டு கைகளையும் தூக்கித் தன் கழுத்தைச் சுற்றி வைத்துக் காட்டினாள்.

நவமணியின் குரல் உயர்ந்தது. “ஸ்ட்ரெச்சர் கொண்டு வா. இவங்க இனி ஒரு அடி நடக்கக் கூடாது. கழுத்து ரத்தக்குழாயை ஸ்கேன் எடு. அந்த ஆள் உள்ளே வரக் கூடாதுன்னு போலீஸ்ல சொல்லு.”

படம் வந்தது. மேலே தோல் முழுசாக இருந்தது. உள்ளே, மூளைக்குப் போகும் குழாயின் உட்சுவர் கிழிந்து, அங்கே ரத்தம் உறையத் தொடங்கியிருந்தது. அந்தக் கட்டி நகர்ந்து மூளைக்குப் போயிருந்தால் ஒரு பக்கம் கை கால் விழுந்திருக்கும். அந்தக் குழாயை ஒட்டிக் கண்ணுக்குப் போகும் நரம்பு நசுங்கியதால்தான் இடது இமை தாழ்ந்திருந்தது. மருந்து ஏறத் தொடங்கியது.

இளம்பரிதி நவமணியின் அறைக்குப் போய் நின்றான்.

“நான் அரை மணி நேரம் விசாரிச்சேன் மேடம். ஒண்ணுமே தெரியலை. வாசல்ல பார்த்ததும் உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?”

நவமணி நிமிர்ந்தார்.

“அந்த அரை மணி நேரமும் நீ யார்கிட்ட விசாரிச்சே?”