பாதி மொட்டை வித்தகராயர்

ரொம்ப காலத்துக்கு முன்னால் மாங்குடி நாட்டைக் கோதண்ட பூபதி என்று ஒரு ராஜா ஆண்டு வந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் கடைசியாக யார் பேசினார்களோ அவர் சொன்னதே சரி என்பார். அப்படிப்பட்டவரிடம் நாடு எப்படி ஓடியது என்று என்னைக் கேட்காதீர்கள், எப்படியோ ஓடியது.

அவருக்கு ஒரே மகள், குமுதவல்லி. ஆறு மாதத்தில் கல்யாணம். பெண் பார்க்க வந்த சம்பந்தி வீட்டு அம்மாள் ஒருத்தி, போகிற போக்கில், "பின்னல் எலிவால் மாதிரி இருக்கிறதே" என்று சொல்லிவிட்டுப் போனாள். ராஜாவுக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

சபையில் வித்தகராயர் என்று ஒரு பிரபு இருந்தார். முழங்கை கனத்துக்குக் குடுமி. மந்திரி நல்லாதனாரின் ஆசனத்தின் மேல் அவருக்கு நெடுநாளாக ஒரு கண். சமயம் பார்த்து எழுந்தார்.

"மன்னா, என் குடுமியைப் பாருங்கள். சின்ன வயதில் ஏழு தடவை மொட்டை போட்டார்கள். சிரைக்கச் சிரைக்க முடி அடர்த்தியாகும். இளவரசிக்கும் வருகிற வெள்ளிக்கிழமை மொட்டை போடுங்கள். கல்யாணத்துக்குள் கருகருவென்று வளர்ந்துவிடும்."

"அதுதான் சரி" என்றார் ராஜா.

சேதி அந்தப்புரத்துக்குப் போனதும் குமுதவல்லி அழுதுகொண்டே மந்திரியிடம் ஓடிவந்தாள். "ஆறு மாதத்தில் காதுவரைகூட வளராது, ஐயா. நான் மணவறையில் எப்படி உட்காருவேன்? அப்பா கேட்க மாட்டேன் என்கிறார்."

பாவம், அந்தப் பெண்ணுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மந்திரி அவளை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்துவிட்டு நேரே சபைக்கு வந்தார்.

"மன்னா, தாங்கள் முப்பது வருஷமாகத் தினமும் முகம் வழித்துக்கொள்கிறீர்கள். ஒவ்வொரு தடவையும் அடர்த்தி கூடியிருந்தால் இன்று தங்கள் தாடையில் கத்தி இறங்குமா?"

ராஜா தாடையைத் தடவிப் பார்த்தார். அங்கே நாலு முடிகூட ஒழுங்காக இல்லை. "அட, ஆமாம்" என்றார்.

"தாடி வேறு, தலை வேறு, மன்னா" என்றார் வித்தகராயர். "இளவரசி நன்றாக இருப்பது மந்திரியாருக்குப் பிடிக்கவில்லை போலும்."

"அதுவும் சரிதான்" என்றார் ராஜா.

மந்திரிக்குக் கோபம் வந்தது. காட்டிக்கொள்ளவில்லை. "அப்படியானால் தலையிலேயே பார்த்துவிடுவோம். ராயர் தலையில் இடது பாதியை மட்டும் சிரைப்போம். இருபது நாள் கழித்து அந்தப் பக்கம் அடர்த்தியாக இருந்தால் இளவரசிக்கு மொட்டை போடுங்கள், என் ஆசனத்தையும் ராயரே எடுத்துக்கொள்ளட்டும்."

ஆசனம் என்றதும் ராயர் யோசிக்கவே இல்லை. குடுமியை அவிழ்த்துவிட்டு நாவிதர் முன்னால் உட்கார்ந்தார்.

இருபது நாளும் வலது பக்கம் ஜடையும் இடது பக்கம் மொட்டையுமாக மனுஷர் அரண்மனையில் வளைய வந்தார். அந்தத் தைரியத்தை மட்டும் நான் குறை சொல்ல மாட்டேன்.

இருபத்தோராம் நாள் சபை கூடியது. இடது பக்கம் அரிசி நீளத்துக்கு முடி முளைத்திருந்தது. ராஜா தடவிப் பார்த்தார். சொரசொரவென்று உள்ளங்கையைக் குத்தியது. வலது பக்கம் தடவினார். வழவழவென்று இருந்தது.

"ராயர் சொன்னதுதான் சரி. இடது பக்கம்தான் கெட்டியாக இருக்கிறது" என்றார் ராஜா. வித்தகராயர் மந்திரியின் ஆசனத்துப் பக்கம் நகர்ந்தே விட்டார். தூணோரம் நின்ற குமுதவல்லி தன் பின்னலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"ஒரு நிமிஷம்" என்றார் மந்திரி. "நாவிதரே, வலது பக்கத்தையும் கத்தரியால் அதே அரிசி நீளத்துக்கு வெட்டிவிடும்."

ராயர் வாயைத் திறப்பதற்குள் பாதிக் குடுமியும் தரையில் விழுந்தது. மந்திரி ராஜாவின் கண்ணைப் பட்டுத் துணியால் கட்டினார். ராயரைப் பிடித்து மூன்று சுற்றுச் சுற்றி ராஜாவின் முன்னால் நிறுத்தினார்.

"மன்னா, இப்போது எது சிரைத்த பக்கம்?"

ராஜா இந்தப் பக்கம் தடவினார். அந்தப் பக்கம் தடவினார். மறுபடி இந்தப் பக்கம். "இரண்டும் ஒரே மாதிரிதான் குத்துகிறது" என்றார்.

"வெட்டிய நுனி மொண்ணையாக இருக்கும், குட்டையாகவும் இருந்தால் குத்தும். அவ்வளவுதான் விஷயம். மயிர்க்கால் தோலுக்கு அடியில் இருக்கிறது. மேலே ஓடும் கத்தி அதை என்ன செய்யும்?"

ராஜா கட்டை அவிழ்த்தார். கொஞ்ச நேரம் மகளையே பார்த்தார். "என் பெண்ணை நானே அழவைத்துவிட்டேன்" என்றார். அன்றைக்குத்தான் அவர் வேறு யாரையும் கேட்காமல் ஒரு முடிவெடுத்தார். மொட்டை ரத்து. மந்திரிக்குத் தன் தோளில் கிடந்த சால்வையை எடுத்துப் போர்த்தினார்.

பிறகு ராஜா ராயர் பக்கம் திரும்பினார். "வித்தகராயரே, ஊரில் பாதிப் பேர் உம்மைப் போலத்தான் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு வாரம் கோட்டை வாசலில் உட்காரும். சந்தேகப்படுகிறவர்கள் வந்து தடவிப் பார்க்கட்டும்."

முதல் ஆளாக வந்தவள் குமுதவல்லி. நிதானமாக இரண்டு பக்கமும் தடவினாள், சிரித்தாள், பின்னலை முன்னால் எடுத்துப் போட்டுக்கொண்டு உள்ளே போனாள். அவளுக்குப் பின்னால் வரிசை தேரடி வரைக்கும் நின்றது.

மூன்றாம் நாள் ராயரே தலையைக் குனிந்தபடி சொல்ல ஆரம்பித்தார்: "இரண்டு பக்கமும் ஒன்றுதான் அம்மா. நகருங்கள், அடுத்த ஆள் வரட்டும்."