கயிற்றுக்காரி அங்காயி விலகிக்கொண்ட கதை

முன்னொரு காலத்தில் மருதங்காநல்லூர் நகரத்தைச் சண்டமாருத பூபதி என்றொரு ராஜா ஆண்டு வந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் எந்த நேரத்தில் என்ன ஆசை கிளம்பும் என்று அவருக்கே தெரியாது. ஒருநாள் பல்லக்கை நிறுத்தி, பொதுக்கிணற்றில் தன் கையால் தண்ணீர் இறைக்கப் போனார். நாலே இழுப்பு, கயிறு படீரென்று அறுந்தது. குடம் கிணற்றுக்குள், ராஜா மண்ணில்!

சுற்றி நின்ற பெண்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். "எங்களுக்குத் தினமும் இதே கூத்துதான் மகாராஜா" என்றாள் ஒருத்தி.

மறுநாளே தண்டோரா போட்டார்கள். முந்நூறு பொதுக்கிணறுகளுக்கும் புதுக்கயிறு வேண்டும், யார் வேண்டுமானாலும் மாதிரியோடு சபைக்கு வரலாம்!

பண்டகசாலை அதிகாரி ஏகாம்பரத்துக்கு வயிறு எரிந்தது. எரியாதா பின்னே? இத்தனை வருஷமாக நகரத்துக்குக் கயிறு கொடுத்தது அவருடைய மச்சான் வேம்பண்ணன்.

ஆற்றங்கரைக் கயிற்றுத் தெருவில் அங்காயி என்றொருத்தி இருந்தாள். அவள் இடதுகைக்காரி. ஊரில் எல்லாரும் ஒரு பக்கம் முறுக்கினால் இவள் மறுபக்கம் முறுக்குவாள். இவளிடம் தொழில் பழகிய தெருவே அப்படித்தான் முறுக்கும். கயிறு இரும்பு, வாங்கத்தான் ஆளில்லை. இரண்டு குடும்பம் ஏற்கெனவே ஊரை விட்டுப் போய்விட்டது. இந்த வேலையும் கிடைக்காவிட்டால் மிச்சமிருந்த பதினெட்டு வீடும் சட்டிபானையைக் கட்ட வேண்டியதுதான்.

சபையில் ஏகாம்பரம் அவளை மேலும் கீழும் பார்த்தார். "அரண்மனைக்குச் சரக்குக் கொடுத்த அனுபவம் உண்டா?"

"இல்லைங்க சாமி. கொடுக்க விட்டால்தானே வரும்?"

"அனுபவம் இல்லாதவர்கள் இங்கே நிற்கவே கூடாது!"

"அனுபவம் உள்ளவரு கயிறுதானுங்களே அன்னைக்கு அறுந்தது?"

ராஜாவின் கை தன்னையறியாமல் இடுப்பைத் தடவியது. "அவள் நிற்கட்டும்!" என்றார்.

வேம்பண்ணன் தன் மாதிரியைப் பட்டுத்துணியில் சுற்றிக் கொண்டுவந்து வைத்தான். யானையைக் கட்டி இழுக்கச் சொன்னார் ராஜா. இரண்டு கயிறுமே தாங்கின. அங்காயி குனிந்து அவன் கயிற்றைப் பார்த்தாள். ஊர் முறுக்கு இல்லை, அவள் தெருவின் மறுபக்க முறுக்கு. அடப்பாவி! போன சந்தையில் அவளிடமே ஆள் விட்டு வாங்கிய கயிறு!

"அது என் கயிறு" என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கினாள். 'என்னுடையதைப் பார்த்துத்தான் இவள் செய்தாள்' என்று அவன் ஒரு போடு போட்டால், ஏகாம்பரம் ஆமாம் போடுவார். அப்புறம் அழுது புரண்டாலும் எடுபடாது.

கைகூப்பினாள். "மகாராஜா, அண்ணன் கயிறு அருமையான கயிறு. அவருக்கே கொடுத்துடுங்க. நான் விலகிக்கிறேன்."

ஏகாம்பரத்துக்கு வாயெல்லாம் பல்.

"ஒரே ஒரு வரி மட்டும் ஓலையில ஏறட்டும் சாமி. முந்நூறும் அச்சு அசல் இந்தக் கயிறு போலவே இருக்கணும். மாதிரி மகாராஜாகிட்டயே இருக்கட்டும். சரக்கு மாறினா, அதே மாதிரி செஞ்சு காட்டுறவங்களுக்கு வேலை போகட்டும்."

"பலே!" என்று ராஜா மாதிரியை எடுத்துச் சிம்மாசனத்தின் கைப்பிடியில் சுற்றிக்கொண்டார். இவள் மனசு மாறிவிடப் போகிறாளே என்ற பயத்தில் ஏகாம்பரமே அவசர அவசரமாக முத்திரை குத்தினார்.

தெருவில் அவளைப் பிய்த்து எடுத்துவிட்டார்கள். "கைக்கு எட்டினதைத் தாரை வார்த்துட்டு வந்திருக்கியே, உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா?"

"ஒரு மாசம் பொறுங்க. அதுவரைக்கும் யாருக்கும் ஒரு முழம் கயிறுகூட விக்காதீங்க" என்றாள் அங்காயி. வாய்தான் தைரியம் பேசியது. வேம்பண்ணன் முறுக்கை உற்றுப் பார்த்துவிட்டால் எல்லாம் போச்சே என்று அவளுக்குப் பயம்தான்.

அவன் எங்கே பார்த்தான்! கயிற்றை விற்கத் தெரிந்தவனே தவிர, ஒருநாளாவது நாரைத் தொட்டவனா? மாசக் கடைசியில் மூன்று வண்டி நிறையக் கொண்டுவந்து சபை வாசலில் இறக்கினான். அதே நிறம், அதே பருமன், மேலே எண்ணெய் மினுமினுப்பு.

"ஒன்றுபோலத்தானே இருக்கிறது?" என்றார் ராஜா.

"மகாராஜா, மாதிரியையும் புதுசையும் ஒரே பக்கமாத் திருகிப் பாருங்க" என்றாள் அங்கே வந்து நின்ற அங்காயி.

திருகினார். மாதிரி இறுகியது. புதுக்கயிறோ பிரிந்து வாயைப் பிளந்தது. மேலே ஒரு சுற்றுத்தான் நல்ல நார். உள்ளே இருந்த மக்கல் பொலபொலவென்று ராஜாவின் பட்டுவேட்டியில் கொட்டியது.

ராஜா வேம்பண்ணன் பக்கம் திரும்பினார். "மாதிரியைச் செய்தது நீதானே? இதோ நார். ஒரு முழம் திரி, பார்ப்போம்!"

வேம்பண்ணன் நாரைக் கையில் வைத்துக்கொண்டு திருதிருவென்று விழித்தான். "ஆள்... ஆள் வைத்துச் செய்தேன் பிரபு."

"கூப்பிடு அந்த ஆளை!"

யாரைக் கூப்பிடுவான்? அங்காயி சம்மணமிட்டு உட்கார்ந்தாள். அந்த நாரையே வாங்கி இடக்கையால் சரசரவென்று ஒரு முழம் முறுக்கி நீட்டினாள். ராஜா திருகினார். மாதிரியைப் போலவே இறுகியது.

"அடி அம்மா! மாதிரியே உன் கயிறுதானா? அன்றைக்கே ஏன் சொல்லவில்லை?"

"அன்னைக்குச் சொல்லியிருந்தா, நல்லாக் கயிறு திரிக்கிறேன்னு சிரிச்சிருப்பீங்க மகாராஜா."

சபையே கொல்லென்று சிரித்தது. ராஜா சிரிப்பை நிறுத்திவிட்டு ஏகாம்பரத்தின் பக்கம் திரும்பினார். "நாளை முதல் நீரும் உம்முடைய மச்சானும் ஊர்ப் பெண்களுக்குத் தண்ணீர் இறைத்துக் கொடுங்கள். இந்த மூன்று வண்டிக் கயிறும் அறுந்து தீர்கிற வரைக்கும்! முந்நூறு கிணறும் இனி அங்காயி பொறுப்பு. பண்டகசாலைக்கு வருகிற எந்தச் சரக்கும் மாதிரியோடு ஒத்துப் பார்த்த பிறகுதான் உள்ளே போகவேண்டும்."

முத்திரை ஓலையோடு அங்காயி தெருவுக்குத் திரும்பியபோது, கடைசி வீட்டு வாசலில் ஒரு வண்டியில் அண்டா, உரல், கோழிக்கூடை எல்லாம் ஏற்றியாகிவிட்டது. அவள் ஓலையைத் தூக்கிக் காட்டினாள், அவ்வளவுதான். வண்டியில் உட்கார்ந்திருந்தவள் "அப்பாடா!" என்று அழுதுகொண்டே குதித்து இறங்கி, முதல் காரியமாகக் கோழிகளைத் திறந்துவிட்டாள்.